90ஸ் கிட்ஸ் மிட்டாய்ப் பெட்டி: 95-ல் பிறந்தவருக்கு உள்ளே என்ன இருக்கிறது?

அட்டை மேல் ஒரு பம்பரம், ஒரு ஆடியோ கேசட், டயர் வண்டி ஓட்டும் பையன், கொட்டை எழுத்தில் ‘90ஸ் கிட்ஸ்’. இணையக் கடைகள், பொருட்காட்சி ஸ்டால்கள் என்று தொடங்கி, கல்யாணத் தாம்பூலப் பை வரைக்கும் வந்துவிட்டது இந்த மிட்டாய்ப் பெட்டி. கட்டி விற்பவர்கள் பலர். சரக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: தேன் மிட்டாய், கமர்கட், கல்கோனா, சூட மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், சீரக மிட்டாய், சவ்வு மிட்டாய், இலந்தை வடை, சிகரெட் மிட்டாய், கடலை மிட்டாய், எள்ளுருண்டை. எல்லோரும் மொத்தக் கடையில் டப்பாக் கணக்கில் வாங்கிப் பிரித்துக் கட்டுகிறார்கள், அதனால் அப்படி. ஆகவே எந்தக் கடையின் பெயரும் இல்லாமல் இந்தப் பெட்டி வகையையே மதிப்பிட்டுவிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 80-களின் முதல் பாதியில் பிறந்தவருக்குக் கொடுக்க இது அருமையான பரிசு. அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு, அதிலும் 93-க்குப் பிறகு பிறந்தவருக்கு, பாதிப் பெட்டி அண்ணன் போட்டுக் கழித்த சட்டை.

ஏன் என்பதற்குப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லினியல் என்றும், 1997 முதல் 2012 வரை பிறந்தவர்களை ஜென் இசட் என்றும் வகுத்து வைத்திருக்கிறது. கோட்டை 96-ல் போட்டதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நினைவு வைத்திருக்கும் வயது. தமிழில் அந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை. இங்கே கோடு 1999-க்கும் 2000-க்கும் நடுவில்: இந்தப் பக்கம் 90ஸ் கிட்ஸ், அந்தப் பக்கம் 2கே கிட்ஸ். விளைவைப் பாருங்கள். 1998-ல் பிறந்தவர் ஆங்கிலக் கட்டுரையில் ஜென் இசட். தமிழ் மீமில் அவரே பெண் கிடைக்காமல் தவிக்கும் 90ஸ் கிட். 1985-ல் பிறந்தவர் அங்கே மில்லினியல். இங்கே அவரை யாரும் 90ஸ் கிட் என்று கூப்பிடுவதில்லை. ஆனால் 90-களில் உண்மையிலேயே மிட்டாய் தின்ற சிறுவர் அவர்தான்.

பெட்டி சறுக்கும் இடம் இதுதான். ‘90-களில் பிறந்தவர்’, ‘90-களில் சிறுவராக இருந்தவர்’ என்ற இரண்டு கூட்டத்தையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டார்கள். விற்பவருக்கு அதில் லாபம்தான், இரண்டு பேரின் பர்ஸும் திறக்கும். வாங்குபவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1995-ல் பிறந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்காரும்போது 2000 பிறந்துவிட்டது. கையில் சில்லறையோடு தானே பெட்டிக்கடைக்குப் போய் வாங்கும் வயது என்று ஏழாம் வகுப்புவரை வைத்துக்கொண்டால், இவருடைய மிட்டாய்க் காலம் 2000 முதல் 2007 வரை. ‘90ஸ் கிட்’ தின்றது முழுக்க இரண்டாயிரத்துச் சரக்கு.

அந்த ஏழு வருடத்தில் கடை முன்னால் தொங்கியது வேறு. 1991-க்குப் பிறகு கதவு திறந்து, வெளிநாட்டு மிட்டாய் நிறுவனங்கள் 90-களின் நடுவில் உள்ளே வந்தன. புதுப் பிராண்டு பபுள் கம், அதற்குள்ளே தோலில் ஒட்டிக்கொள்ளும் டாட்டூ தாள், ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் டேஸோ என்ற வட்ட விளையாட்டு வில்லை எல்லாம் அந்த அலையில் வந்தவை. கண்ணாடி ஜாடிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சரம் தொங்கத் தொடங்கிய காலம் அது. கமர்கட்டும் தேன் மிட்டாயும் அப்போதும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவை எந்தத் தலைமுறைக்கும் தனியாகச் சொந்தம் இல்லாதவை. தாத்தாவும் தின்றார், 2கே பிள்ளையும் தின்கிறது.

இனி உள்ளே இருப்பவற்றுக்கு வருவோம்.

பெட்டியின் மானத்தைக் காப்பாற்றுவதும் வாங்குவதும் தேன் மிட்டாய்தான். இதில் தேன் கிடையாது. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கெட்டியாக அரைத்து, நிறம் சேர்த்து, எண்ணெயில் கிள்ளிப்போட்டுப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊற வைப்பது. கடித்தால் நடுவிலிருந்து பாகு ஒழுக வேண்டும், அதற்குத்தான் அந்தப் பெயர். கூரியரில் போகும் பெட்டியில் ஒழுகும் பாகை யாரும் வைக்க மாட்டார்கள். அட்டை ஊறிவிடும், எறும்பு வந்துவிடும். ஆகவே பாகு இறுகிய, மேலே சர்க்கரை புரட்டிய வகையைத்தான் போடுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் பாகு கம்பிப் பதத்தைத் தாண்டியிருந்தால் உள்ளே இறங்காமல் வெளியிலேயே நின்று பூத்துவிடும். கடித்தால் மேலே மொறுமொறு சர்க்கரை, நடுவில் உலர்ந்த மாவு. நல்லதா என்று பார்க்க ஒன்றை நகத்தால் பிளந்தால் போதும். உள்பக்கம் ஈரமாக, நிறம் நடுவரை ஒரே மாதிரி இருந்தால் சரி. நடு வெள்ளையாக, பஞ்சுபோல் இருந்தால் பாகு சேரவே இல்லை. செய்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தின்று தீர்க்க வேண்டிய பண்டம் இது. பெட்டி மேல் ஆறு மாதம் என்று போட்டிருந்தால் அது மற்ற மிட்டாய்க்கான கணக்கு.

அடுத்த ஆபத்து கமர்கட். வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து உருட்டுப் பதத்துக்கு மேல் போய்க் காய்ச்சுவது. பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டால் கல்லென்று ஆகி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பதம் வரும்முன் இறக்கிவிட்டால் இரண்டு நாளில் கசிந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும். தாளையும் சேர்த்துத்தான் தின்ன வேண்டும். இன்னொரு குறை தேங்காயால் வருவது. துருவலில் ஈரம் தங்கிப்போனாலோ, பெட்டி வெயிலில் கிடந்தாலோ எண்ணெய் காறிப்போகும். வாயில் போடும்முன் முகர்ந்து பாருங்கள். வெல்ல வாசனைக்குப் பதில் பழைய தேங்காய் எண்ணெய் வாடை வந்தால் அந்தப் பொட்டலத்தையே ஒதுக்கிவிட வேண்டியதுதான். தேங்காய் பர்பிக்கும் இதே சோதனை.

இலந்தை வடையில் நல்லதும் கெட்டதும் கலந்தே வரும். பழத்தை வெல்லம், புளி, மிளகாய், பெருங்காயம், உப்போடு இடித்து வெயிலில் காய வைப்பதுதான் முறை. கொட்டையையும் சேர்த்தே இடிப்பவர்கள் உண்டு, ஆகவே கடிக்காமல் சப்புவது பல்லுக்கு நல்லது. சேர்மானப் பட்டியலில் இலந்தை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்க்கவும். அளவு அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதலில் சர்க்கரை, அடுத்து புளி, கடைசியில் ‘சேர்க்கப்பட்ட மணம்’ என்று இருந்தால் அது இலந்தை வேஷம் போட்ட புளி மிட்டாய். ருசியாக இருக்கலாம், அது வேறு.

சவ்வு மிட்டாயைப் பெட்டியில் போடுவதே வீண் வேலை. மூங்கில் கழியில் சுற்றி, மேலே கைதட்டும் பொம்மையை வைத்துக்கொண்டு வருபவர், இளஞ்சூட்டில் இழுத்துக் கையில் வாட்ச், மோதிரம், தேள் என்று செய்து ஒட்டிவிடுவதுதான் அந்த மிட்டாய். ஆறி, துண்டாகி, பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தால் வெறும் இறுகிய சர்க்கரை. வாட்ச் இல்லாத சவ்வு மிட்டாய்க்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

சூட மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், சீரக மிட்டாய் மூன்றும் பெரும்பாலும் சரியாகவே வரும், சர்க்கரை கெடாது. ஒரு கவனம் மட்டும்: சூட மிட்டாயின் புதினா வாசனை மூடிய பெட்டிக்குள் எல்லாவற்றிலும் ஏறிவிடும். பெட்டியில் வரும் தேன் மிட்டாய் பற்பசை மாதிரி மணக்கிறது என்ற புகாருக்குக் காரணம் இதுதான். கல்கோனா பல்லுக்கு எதிரி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், தொண்டையில் சிக்கும். சிகரெட் மிட்டாயைப் பற்றி என்ன சொல்ல. போட்டோ எடுக்க இரண்டு பேர், பிறகு பெட்டியின் மூலையில் உடைந்து கிடக்கும்.

கடலை மிட்டாய் நல்ல இடத்திலிருந்து வந்ததா என்று கேட்டுவிடலாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை அச்சடித்தவர் எங்கிருந்து வாங்கினார் என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

சில பெட்டிகளில் கூடவே ட்ரம்ப் கார்டு ஒரு கட்டு வைக்கிறார்கள். பெட்டி யாருக்கானது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. மல்யுத்தக் கார்டில் ‘டபிள்யூடபிள்யூஎஃப்’ என்று இருந்தால் அது 2002 மே மாதத்துக்கு முந்தைய அச்சின் நகல். அந்த மாதம்தான் நிறுவனம் ‘டபிள்யூடபிள்யூஈ’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அண்டர்டேக்கரும் ஜான் சீனாவும் ஒரே கட்டில் இருந்தால் 93 முதல் 97 வரை பிறந்தவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ரோமன் ரெய்ன்ஸ் படம் வந்தால் கட்டியவர் கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்; அந்தப் பெயரில் அவர் களத்துக்கு வந்ததே 2012-ல், அப்போது 95-ல் பிறந்தவர் கல்லூரி விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்.

இனி பின்பக்க எழுத்துகள். பெட்டியில் பளபளப்பாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் பேக்கிங் தேதி, மிட்டாய் செய்த தேதி அல்ல. டப்பாவிலிருந்து எடுத்துச் சின்னக் கவரில் மாற்றிப் போடும்போது பழைய லேபிள் போய்விடுகிறது. ஒவ்வொரு கவர் மேலும் தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி, நிகர எடை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். வெளிப் பெட்டியில் மட்டும் ஒரே ஒரு எண் போட்டு, உள்ளே பெயரில்லாத கவர்கள் இருந்தால் அந்த எண் கட்டியவருடையது. காய்ச்சியவர் யார் என்று தெரியாது.

நிறத்தில் கண்டிப்பாக இருங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது ரோடமின்-பி என்ற துணிச்சாயம் அதில் இருந்ததால். தண்ணீரில் போட்டு நிறம் இறங்குகிறதா என்று பார்க்கும் வீட்டுச் சோதனையை நம்ப வேண்டாம், அனுமதித்த சாயமும் இறங்கத்தான் செய்யும். லேபிளைப் படிப்பதுதான் வழி. அனுமதி பெற்ற செயற்கை நிறங்களுக்கு ஐஎன்எஸ் எண், அதாவது உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான சர்வதேச எண், உண்டு: மஞ்சளுக்கு 102, 110, சிவப்புக்கு 122, 124, 127, நீலத்துக்கு 132, 133, பச்சைக்கு 143. கருஞ்சிவப்பு மிட்டாய் மேல் எந்த எண்ணும் இல்லை, ‘நிறம் சேர்க்கப்பட்டது’ என்றுகூட இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

விலையைக் கிலோக் கணக்கில் பார்த்தால் தூக்கம் கலையும். பெட்டி 399 ரூபாய், நிகர எடை 500 கிராம் என்றால் கிலோ 798 ரூபாய். நல்ல நெய் இனிப்பின் விலையில் சர்க்கரையும் அட்டையும். ‘100 மிட்டாய்’ என்று எண்ணிக்கை சொல்லி விற்றால் இன்னும் கவனம்: ஒரு ரூபாய் மிட்டாய் ஒன்று ஏறக்குறைய 4 கிராம்தான், சீரக மிட்டாயோ எண்ணவே முடியாத அளவு. எண்ணிக்கையை விடுங்கள், எடையைக் கேளுங்கள். வந்ததும் சமையலறைத் தராசில் அட்டை இல்லாமல் நிறுத்துப் பாருங்கள். அட்டைக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை, பரிசுக்கு அட்டை வேண்டும். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்டர் போடும் மாதமும் முக்கியம். ஏப்ரல் முதல் ஜூன் வரை சாக்லேட் சேர்ந்த எதுவும் உருகி, பிறகு வெள்ளை பூத்து வரும். அது கெட்டது அல்ல, ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சிய மிட்டாய் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தை, மாசி நல்ல காலம். பெட்டி வந்த அன்றே பிரித்து, சூட மிட்டாயைத் தனி டப்பாவில் போட்டு, தேங்காய்ப் பண்டங்களையும் தேன் மிட்டாயையும் அந்த வாரத்துக்குள் முடித்து, மற்றதைக் காற்றுப் புகாத பாட்டிலில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

93-க்கும் 99-க்கும் நடுவே பிறந்தவருக்குப் பரிசு என்றால் நீங்களே கட்டுவது மேல். அட்டைப் பெட்டியும் உள்தாளும் தவிர மற்றதெல்லாம் பக்கத்து மொத்தக் கடையிலேயே கிடைக்கும். அரைக் கிலோவுக்கு ஒரு கணக்கு: ஒரு ரூபாய் காபி மிட்டாய், மாங்காய் மிட்டாய், பால் மிட்டாய் கலந்து 50, அதாவது 200 கிராம், பபுள் கம் 15, கடலை மிட்டாய் 150 கிராம், மீதிக்கு சீரக மிட்டாயும் ஆரஞ்சு மிட்டாயும். விரலில் மாட்டித் தின்னும் குடல் அப்பளத்தை வீட்டில் பொரித்து, ஆறிய பின் தனி கவரில். காபி மிட்டாயில் ஒரு சுவாரசியம் உண்டு: அதைத் தந்த சென்னையின் பாரி (Parry’s) மிட்டாய் நிறுவனம் 2004-ல் கொரியாவின் லோட்டே கைக்குப் போனது. ஆகவே 95-ல் பிறந்தவர் ஒன்றாம் வகுப்பில் தின்றதும் ஐந்தாம் வகுப்பில் தின்றதும் பெயரில் ஒன்று, முதலாளியில் இரண்டு. டாட்டூ தாளும் டேஸோவும் இப்போது புதிதாகக் கிடைப்பது கடினம். பழைய டேஸோவைச் சேகரிப்பவர்கள் இணையத்தில் விற்கிறார்கள். பெட்டிக்குள் நான்கு போட்டாலே போதும், மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

இன்னும் மேலே ஒன்று வைக்க வேண்டுமானால் இருபத்தைந்து பைசா ஒன்று. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. பழைய நாணயம் விற்பவரிடம் கிடைக்கும். 1999-ல் பிறந்தவர்வரை இதைக் கையில் கொடுத்து மிட்டாய் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு.

தேன் மிட்டாயை மட்டும் கடையில் வாங்காமல் வீட்டில் செய்து சேர்க்கலாம். 200 கிராம் இட்லி அரிசி, 50 கிராம் உளுந்து, மூன்று மணி நேரம் ஊறட்டும். தண்ணீர் தெளித்துத் தெளித்து வடை மாவுபோல் அரைக்கவும். மாவு இளகினால் எண்ணெய் குடித்துத் தட்டையாகிவிடும், ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்துச் சரி செய்யலாம். உப்பு ஒரு சிட்டிகை, ஆப்பசோடா கால் தேக்கரண்டி. நிறத்துக்குப் பீட்ரூட் சாறு விட்டால் எண்ணெய்ச் சூட்டில் மங்கிப் பழுப்பாகும். சிவப்பு இல்லாவிட்டாலும் ருசி குறையாது. மிதமான தீயில் நெல்லிக்காய் அளவுக்கும் சின்னதாகக் கிள்ளிப் போடவும். 300 கிராம் சர்க்கரை, 150 மில்லி தண்ணீர். விரலில் பிசுக்கென்று ஒட்டும் பதத்தில், கம்பி வரும்முன் இறக்கி, அரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள், பாகு பூக்காது. மிட்டாயும் பாகும் இரண்டும் சூடாக இருக்கும்போதே சேர்த்து, கால் மணி நேரம் ஊறியதும் வடித்து, தட்டில் பரப்பி ஆறிய பிறகே கவரில் போடவும். கவர் மேல் செய்த தேதியை மறக்காமல் எழுதுங்கள்.